வெடிப்பில் விழுந்த செருப்பு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு தட்டு பஜ்ஜியும், கேட்க நாலு காதும் கிடைத்துவிட்டால் குணசீலனைப் பிடிக்க முடியாது. காவிரிப் பாசனத்தில் பிறந்தவன். மாமனார் ஊரான கரிசல்காட்டுக் கிராமத்தில் அவன் தங்கியதென்னவோ ஒரே ஒரு ராத்திரி. அதை வைத்து ஒரு வருஷமாகக் கதை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அடுப்படியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த அவன் மனைவி சங்கரேஸ்வரிக்கு இன்று அது ரசிக்கவில்லை. புதன்கிழமை அவள் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. மாப்பிள்ளை இல்லாமல் அவள் மட்டும் போய் நின்றால் ஊர் என்னென்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். இவனோ, "லீவு கிடைக்காது" என்று சொல்லிவிட்டான். லீவு கொடுக்கவேண்டிய தணிகாசலம் சாரே கூடத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். இவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"மரமே கிடையாது சார் அந்த ஊர்ல. உட்கார இடமில்லாம காக்கா எல்லாம் ஆளுக்கொரு குச்சியைக் கவ்விக்கிட்டுப் பறக்குது."

"கவ்வின குச்சி மேலேயே எப்படிடா உட்காரும்?" என்றான் அதே ஆபீஸில் வேலை பார்க்கும் அருளப்பன்.

"அதான் பறந்துக்கிட்டே இருக்கு. மாமியார் சொம்புல தண்ணி கொடுத்தாங்க. அண்ணாந்து ஊத்துறேன், பாதி வழியிலேயே ஆவியாப் போகுது. சொம்பு காலி, நாக்கு நனையல."

சங்கரேஸ்வரி கத்தியை ஒரு கணம் நிறுத்தினாள். மறுநாள் காலையில் இவன் தலையில் ஊற்றிக்கொண்ட ரெண்டு குடமும் எதிர்வீட்டில் அம்மா இரவல் வாங்கியவை. "இன்னொரு குடம் கிடைக்குமா?" என்று கேட்டவனும் இவன்தான்.

"சாப்பாட்டுக்கு என்னய்யா பண்ணினே?" என்றார் தணிகாசலம்.

"முட்டைதான் சார். அந்த வெயிலுக்குக் கோழி அவிச்ச முட்டையாவே போடுது. உரிச்சு உப்பைத் தொட்டுக்க வேண்டியதுதான்."

"உப்பையும் கோழியே போட்டிருக்கலாமே?"

"அது வெள்ளைக் கோழி போடும் சார். இவங்க வீட்டுல இருந்தது கறுப்பு."

அருளப்பனுக்குப் புரையேறியது. குணசீலனுக்கு அது போதாதா?

"ராத்திரி வாசல்ல கயித்துக் கட்டில்ல படுத்தேன். அடிச்ச காத்துல கட்டிலோட கிளம்பிட்டேன். முழிச்சா பக்கத்து ஊர். அங்க ஒரு அம்மா, 'வாங்க தம்பி'ன்னு காப்பி கொடுத்துச்சு. குடிச்சு முடிக்கவும் எதிர்க்காத்து. அப்படியே திரும்பி வந்துட்டேன்."

"டிக்கெட் எடுத்தியா?" என்றான் அருளப்பன்.

"கேளுங்க சார்! செருப்பை மாட்டிக் காலை ஊன்றேன், நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. இடது கால் செருப்பு உள்ள போயிருச்சு. புதுச் செருப்பு! விழற சத்தம் கேட்கும்னு நின்னு பார்த்தேன். பஸ் ஏறி ஊருக்கு வந்து, வருஷமும் ஒண்ணாச்சு. இன்னும் கேட்கல. அந்த ஊருக்கு மனுஷன் மறுபடி போவானா, சொல்லுங்க?"

செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது நாய். சங்கரேஸ்வரி கண்ணால் பார்த்திருந்தாள்.

"தங்கச்சி, இதுல ஒண்ணாவது நிஜமா?" அருளப்பன் அடுப்படியைப் பார்த்துக் கத்தினான்.

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள். தட்டோடு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் நிஜந்தாண்ணே. இவங்க குறைச்சுத்தான் சொல்றாங்க."

குணசீலன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"போன வாரம் எங்க ஊர்ல நல்ல மழை. மழை பேஞ்சா கரிசல் மண்ணு உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கிரும். மூடும்போது உள்ள வாங்கினதை எல்லாம் வெளிய தள்ளிருச்சாம். இவங்க செருப்பும் வந்துருச்சு. கூடவே எங்க தாத்தா காலத்துல உள்ள போன மாட்டு வண்டியும்."

"மாடு?" என்றார் தணிகாசலம்.

"ரெண்டும் நல்லா இருக்காம் சார். கொஞ்சம் இளைச்சிருக்காம்."

அவள் தரையைப் பார்த்தபடியே முடித்தாள்.

"புதன்கிழமை எங்க அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அந்த வண்டியைத்தான் பஸ் ஸ்டாப்புக்கு அனுப்புறாங்களாம். செருப்பை மாப்பிள்ளை கையிலதான் கொடுப்பாங்களாம்."

குணசீலன் வாயைத் திறந்தான். வண்டி பொய் என்றால் வெடிப்பும் பொய்யாகிவிடும். மூடிக்கொண்டான். பிறகு, "லீவு..." என்று இழுத்தான்.

"அதுக்கு நானாச்சு." தணிகாசலம் கடைசி பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமையே கிளம்பிரு. போறப்ப அந்த வலது கால் செருப்பை மறந்துடாதே."