ஐந்து நகக் காலடி

ஆமையின் மூலிகைக் குகையிலிருந்து நாற்பதாம் நாள் சடையன் கரடி வெளியே வந்தபோது, காடே திரண்டு வந்து வரவேற்றது. யானை பிளிறியது. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிப் பூ உதிர்த்தன. வரவேற்பு கொடுப்பதில் அந்தக் காட்டை யாரும் மிஞ்ச முடியாது.

சடையன் தலையைத் தூக்கவில்லை. போன கோடையில் நடந்ததை அவன் மறக்கவில்லை. ஆறு வற்றும்போது மணலில் ஊற்றுத் தோண்டுவது அவன் வேலை. அவ்வளவு ஆழம் தோண்ட வேறு யாருக்கும் நகம் இல்லை. பாறைக் குழியில் ஊறிப் புளித்த இலுப்பைப்பூவைத் தின்றுவிட்டு, போதையில் கரையைச் சரிவாக வெட்டாமல் தோண்டினான். தண்ணீர் குடிக்க இறங்கிய மான்குட்டியின் மேல் குழி இடிந்தது. மண்ணை வாரி எடுக்கப் போராடியதில் சடையனின் இடது முன்னங்காலில் ஒரு நகம் வேரோடு பிய்ந்து போயிற்று. குட்டி பிழைக்கவில்லை.

"போதையை இறக்கிவிட்டேன்" என்றது ஆமை. "ஆனால் இவன் குகைக்குப் போகிற ஒரே வழி இலுப்பைத் தோப்புக்குள்தான் போகிறது. இந்த வருஷம் பூத்து, பூ உதிர்ந்து தீரும்வரை சாயங்காலத்தில் இவனோடு யாராவது நடக்க வேண்டும்."

சபை கூடியது. எல்லாரும் பங்கு போட்டு நிரப்பிய பொதுக் குதிரிலிருந்து நாளுக்கு ஒரு கூடை இலந்தைப்பழம் கொடுத்து, நரியைத் துணையாக வைத்தார்கள்.

"பழம் நம்முடையது. வேலை நடக்கிறதா என்று நமக்குத் தெரிய வேண்டாமா?" என்றது யானை.

ஆகவே ஒரு விதியும் போட்டார்கள். தினமும் விடிந்ததும் கரடி குளத்தங்கரைச் சேற்றில் பத்தடி நடக்க வேண்டும். தடம் நேராக இருந்தால் தெளிவாக இருக்கிறான். கோணலாக இருந்தால் குடித்திருக்கிறான்.

முதல் வாரம் நரி ஒழுங்காக வந்தது. இரண்டாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. மூன்றாம் வாரம் வந்து குகை வாசலிலேயே நின்றுகொண்டது.

"அண்ணே, நீங்கள்தான் தேறிவிட்டீர்களே. இனிக் குளத்துக்கு அலைய வேண்டாம். சேற்று விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"சாயங்காலம் வருவாயா?"

"கூப்பிட்டால் வராமலா இருப்பேன்? உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அண்ணே."

அதைக் கேட்கச் சடையனுக்குப் பெருமையாக இருந்தது. மேலே எதுவும் கேட்காமல் விட்டுவிட்டான். அது அவன் தவறு.

மாசிக் கடைசியில் இலுப்பை பூத்தது. ஒரு சாயங்காலம் சடையன் தோப்பின் ஓரத்திலேயே நின்றுவிட்டான். வாசனை நெஞ்சுவரை இறங்கியது. திரும்பி நரியின் வளைக்கு ஓடினான்.

"தம்பி, இன்றைக்கு மட்டும் கூட வா. என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை."

"இப்போதுதான் சாப்பிட்டேன், அண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாளைக்கு வருகிறேன். மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்."

சடையன் மனதைத் திடமாகத்தான் வைத்துக்கொண்டு போனான். தோப்பில் பாதி தூரம்வரை அது தாங்கியது.

விடிந்தபோது பாறைக் குழியின் பக்கத்தில் கிடந்தான். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தள்ளாடியபடி குளத்துக்கு வந்தான். அங்கே சேற்றில் ஒரு கரடித் தடம் புதிதாகப் பதிந்திருந்தது. கயிறு பிடித்து நடந்ததுபோல நேராக இருந்தது. சடையன் குனிந்து பார்த்தான். இடது முன்னங்காலில் ஐந்து நகம்.

கோரைப் புதருக்குப் பின்னால் நரி எதையோ கழுவிக்கொண்டிருந்தது. எப்போதோ செத்துப்போன கிழக் கரடியின் காய்ந்த பாதம் அது.

"ஏன் முகம் வாடியிருக்கிறது, அண்ணே?" என்றது நரி. "நேற்று நீங்கள் குடிக்கவே இல்லை. சேறே சாட்சி. பேசாமல் வீட்டுக்குப் போங்கள்."

போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னும் ஒரு மாதத்தில் ஆறு வற்றிவிடும். இந்த நேரான தடத்தை நம்பி எல்லாரும் அவனைத் தோண்டச் சொல்வார்கள். அதை நம்பிக் குட்டிகளும் குழிக்குள் இறங்கும்.

சடையன் சேற்றில் கால் வைத்தான். நேர்த் தடத்தின் பக்கத்திலேயே பத்தடி நடந்தான். அவன் தடம் கொடிபோல வளைந்து வளைந்து போயிற்று. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் வந்தது. "குடித்திருக்கிறான்!" என்று யானை இரைந்தது.

"அத்தனை பழமும் வீண்" என்றது ஒரு குரங்கு. "குடிகாரனுக்குத் துணை எதற்கு? இந்த ஏற்பாட்டையே நிறுத்துங்கள்."

"நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்றது நரி.

"குடித்தேன். அது என் குற்றம்தான்" என்றான் சடையன். "ஆனால் நேராகப் போகிற தடம் என்னுடையது இல்லை. நகத்தை எண்ணிப் பாருங்கள்."

யாரும் அசையவில்லை. குட்டியைப் பறிகொடுத்த மான்தான் முன்னால் வந்து குனிந்து எண்ணியது.

"ஒரு மாதத்துக்கு மேலாக இதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறோம்" என்றது. "என் குட்டியைத் தோண்டி எடுக்கும்போது போன நகம். எனக்கே எண்ணத் தோன்றவில்லை."

நரியின் வேலை அன்றே போயிற்று. "இனி யார் கரடியோடு நடக்கிறீர்கள்?" என்று யானை கேட்டது. குரங்குகள் மரத்தைப் பார்த்தன. அன்று வரவேற்புக்குத் திரண்ட கூட்டம் ஒவ்வொன்றாகக் கலைந்தது.

சாயங்காலம் சடையன் தோப்பின் ஓரத்துக்கு வந்தபோது, மான் அங்கே நின்றுகொண்டிருந்தது.

"உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே" என்றது. "கோடையில் எனக்குத் தண்ணீர் வேண்டும். கூடைப் பழத்தையும் விடமாட்டேன். வேண்டாம் என்று சொல்லி நல்ல பேர் வாங்க எனக்குத் தெம்பில்லை."

"நாளைக்கும் வருவாயா?"

"வராவிட்டால் சேறு காட்டிக்கொடுத்துவிடும். என் குளம்பும் அங்கே பதிய வேண்டும் என்று யானையிடம் சொல்லிவிட்டேன். நட."

இருவரும் தோப்பைக் கடந்தார்கள். மறுநாள் காலையில் சேற்றில் இரண்டு தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடது முன்னங்காலில் நான்கு நகம் உள்ள தடம், முந்தின நாள் தள்ளாட்டம் முழுதும் தீராததால், அவ்வளவு நேராக இல்லை. யானை இரண்டையும் குனிந்து எண்ணிவிட்டுப் போயிற்று.

போதையிலிருந்து மீண்டவனுக்குப் பொதுப் பங்கிலிருந்து துணை கொடுப்பவர்கள், அவன் நேராக நடக்கிறானா என்று மட்டும் பார்த்தால் போதாது. அவன் பக்கத்தில் யாராவது நடக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.