அஞ்சப்பனின் தேங்க் யூ

நாகப்பட்டினத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே பௌசியா டீச்சர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தி வந்தார். டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கும். "இந்தப் படியில ஏறி வந்தவங்களுக்கு இங்கிலீஷ் ஒண்ணும் பெரிசில்ல" என்று டீச்சரே கேலி செய்வார்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் படியேறி அஞ்சப்பன் வந்தார். அக்கரைப்பேட்டை மீனவர். வயது ஐம்பத்திரண்டு. செருப்பைக் கீழே தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்ன படிக்கணும் அண்ணே?"

"ஒரே ஒரு வார்த்தை போதும் டீச்சர்."

"என்ன வார்த்தை?"

"நன்றின்னு சொல்லணும். ஒரு வெள்ளைக்காரருக்கு."

டீச்சர் சிரித்துவிட்டார். "தேங்க் யூ. அவ்வளவுதான். போய்ட்டு வாங்க."

அஞ்சப்பன் போகவில்லை.

"அது எனக்கும் தெரியும் டீச்சர். ஏடிஎம் மெஷினு சொல்லுது. செல்போன் கம்பெனிக்குப் போட்டா ஒரு பொண்ணு சொல்லுது. ஜவுளிக்கடைப் பையில அச்சடிச்சே குடுத்துடுறான். என்னையக் கடல்லேருந்து தூக்குன மனுசனுக்கும் அதே வார்த்தைதானா? அதவிடப் பெரிசா ஒண்ணு இருக்கும்ல, அதச் சொல்லிக்குடுங்க."

டீச்சரின் சிரிப்பு நின்றது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. முழுசாச் சொல்லுங்க."

அஞ்சப்பன் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்பு நடுக்கடலில் அவர் படகு கவிழ்ந்தது. அவரும் கூட்டாளி சிங்காரவேலுவும் கவிழ்ந்த படகின் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு முழு நாள் கிடந்தார்கள். மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு சரக்குக் கப்பல் தன் வழியை விட்டு அவர்களைத் தேடி வந்தது. கேப்டன் கிரேக்க நாட்டுக்காரர். அவர்தான் இருவரையும் மேலே ஏற்றி, உயிர் பிழைக்க வைத்தார். பிற்பகலில் கடலோரக் காவல் படகு வந்து அவர்களை இறக்கிக்கொண்டு போனது.

"நாங்க இறங்கும்போது அந்த மனுசன் மேல நின்னாரு. நான் திரும்பிப் பாக்கல டீச்சர்."

"ஏன்?"

"எங்கப்பா சொல்லிவெச்சது. கடல் விட்ட உசுரு, கால்ல மணல் படுற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாதும்பாரு. பாத்தா மறுபடி கூப்புடுமாம். நான் தலையக் குனிஞ்சே உக்காந்துட்டேன். கரைக்கு வந்தப்புறம் சிங்காரு சொல்றான், 'அந்த ஆளு நம்ம படகு மறையிற வரைக்கும் கைய ஆட்டிக்கிட்டே நின்னாருண்ணே, நீ பாக்கவே இல்லையே'ன்னு."

அஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். அழவில்லை என்று காட்டுவதற்காகக் கழுத்தையும் சேர்த்துத் துடைத்தார்.

"மூணு வருசமாச்சு. சோத்துல கைய வெச்சா அந்தக் கைதான் ஞாபகம் வருது."

அந்தக் கப்பல் இப்போது காரைக்கால் துறைமுகத்துக்கு வருகிறதாம். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்க்கும் அவர் மருமகன் சொல்லியிருக்கிறார். அதே கேப்டன்தான். இந்தப் பயணத்தோடு வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. துறைமுக வாசலில் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று ஏற்பாடாகியிருந்தது.

"உங்க மருமகனே இங்கிலீஷ்ல சொல்லிடலாமே?"

"சொல்லலாம். ஆனா கடல்ல விழுந்தது நான்தானே டீச்சர்."

டீச்சர் பேனா மூடியைத் திறந்து மூடினார். பிறகு சொன்னார்:

"அதவிடப் பெரிய வார்த்தை இங்கிலீஷ்ல இல்லண்ணே. ஆனா அத இப்ப நான் சொல்லித் தரமாட்டேன். நீங்களும் நான் சொல்லித் தர்ற வரைக்கும் அந்த வார்த்தைய வாயால சொல்லக் கூடாது. நாளைக்கு வாங்க."

மறுநாள் அஞ்சப்பன் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அவர் உங்களுக்கு முதல்ல என்ன குடுத்தாரு?"

"தண்ணி."

"யூ கேவ் மீ வாட்டர். சொல்லுங்க."

அன்றைய பாடம் அவ்வளவுதான். அஞ்சப்பன் அதை நூறு முறை சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தாகமே எடுத்துவிட்டது.

அடுத்த நாள், "அப்புறம்?" என்றார் டீச்சர்.

"அப்புறம் எல்லாரும் நல்லாப் பாத்துக்கிட்டாங்க."

"எல்லாரும் வேணாம். அவர் என்ன செஞ்சாரு?"

அஞ்சப்பன் கண்ணை மூடி யோசித்தார். "எனக்குக் கை நடுங்குச்சு. டம்ளரப் புடிக்க முடியல. அவரே புடிச்சிக்கிட்டாரு."

"யூ ஹெல்ட் த கப்."

மூன்றாம் நாள் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. கேப்டன் தன் காலில் கிடந்த சாக்ஸைக் கழற்றி அஞ்சப்பனின் காலில் மாட்டிவிட்டார்.

"அதுல கட்டவெரல்கிட்ட ஒரு ஓட்டை இருந்துச்சு டீச்சர்" என்றார் அஞ்சப்பன். சொன்ன பிறகு அவரே திகைத்துப் போனார். "இத நான் மறந்தே போயிருந்தேன்."

அதையும் டீச்சர் ஒரு வாக்கியமாக்கிக் கொடுத்தார்.

இப்படியே போனது. ஒவ்வொரு நாளும் ஒரு நினைவு, ஒரு வாக்கியம். கேப்டன் அவர் பேரைக் கேட்டார். தன் மகளின் போட்டோவைக் காட்டினார். அஞ்சப்பன் தூங்கும்போது வெயில் முகத்தில் விழாமல் ஜன்னல் துணியை இழுத்துவிட்டார். வகுப்பில் சிலர் கிண்டல் செய்தார்கள். "அண்ணே, தேங்க் யூ வந்து சேந்துடுச்சா, இன்னும் வழியிலதானா?"

பத்தாம் நாள் அஞ்சப்பன் பொறுமை இழந்தார். அன்று காலை அவர் ஒரு பை நிறையச் சங்கரா மீன் கொண்டுவந்திருந்தார். டீச்சர் செல்போனைப் பார்த்தபடியே, "தேங்க் யூண்ணே, அங்க வெச்சிடுங்க" என்றார். அஞ்சப்பன் வைத்தார். வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

"டீச்சர், இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. சாக்ஸு, டம்ளரு, ஜன்னலுன்னு எல்லாம் சொல்லிக்குடுத்தீங்க. நான் கேட்ட ஒண்ண மட்டும் சொல்லமாட்டேங்கிறீங்க. என்னைய வெச்சு வெளையாடுறீங்களா?"

டீச்சர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"போன வாரம் நீங்க நெத்திலி கொண்டுவந்து குடுத்தீங்கல்ல?"

"ஆமா."

"எங்க உம்மாவுக்கு அதுல ஆணம், அதான் கொழம்பு, வெச்சுக் குடுத்தேன். வாப்பா மவுத்தாகி எங்கள விட்டுப் போனதுலேருந்து உம்மா ரெண்டு வாய்க்கு மேல சாப்பிட்டதில்லண்ணே. ஒரு வருசமா அப்படித்தான். அன்னைக்குத் தட்ட நீட்டி, 'இன்னும் கொஞ்சம் சோறு போடுடி'ன்னாங்க. நான் அடுப்படிக்குள்ள போய் நின்னு அழுதேன். அந்த நெத்திலிய நீங்க ஒண்ணொண்ணாத் தலையக் கிள்ளி, சுத்தம் பண்ணிக் கொண்டுவந்திருந்தீங்க."

அஞ்சப்பன் கீழே வைத்த மீன் பையைப் பார்த்தார்.

"இன்னைக்குக் காலையிலேருந்து நான் உங்களுக்கு ரெண்டு தடவ நன்றி சொல்லியிருக்கேன்" என்றார் டீச்சர். "எது உங்க காதுல விழுந்துச்சு?"

அஞ்சப்பன் மெல்ல உட்கார்ந்தார்.

டீச்சர் அலமாரியைத் திறந்து தலையணை மொத்தத்தில் ஒரு அகராதியை எடுத்தார். அதைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது.

"இதுல ஒவ்வொரு வார்த்தைக்கும் பூர்வீகம் போட்டிருக்கும். திங்க்னா என்னண்ணே?"

"நெனைக்கிறது. மொத வாரம் சொல்லிக்குடுத்தீங்க."

"தேங்க்கும் அதே வேர்லேருந்து வந்ததுதான். ரெண்டும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி இது அவங்க ஊர்ல நினைப்புங்கிற அர்த்தத்துல இருந்துச்சு. அப்புறம் நல்ல நினைப்புன்னு ஆச்சு. ஒருத்தர் செஞ்சத நெஞ்சுல வெச்சிருக்கிறதுக்கு அதான் பேரு. அத வாயால சொல்றது, அதுக்கு அடுத்தபடியா வந்தது."

"இப்ப?"

"இப்ப வாய் மட்டும் வேலைக்கு வருது. நினைப்பு லீவுல இருக்கு."

அஞ்சப்பன் சிரித்தார். பத்து நாளில் அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

"சரி டீச்சர். கேக்கமாட்டேன். நீங்களே எப்ப சொல்றீங்களோ சொல்லுங்க."

பதினேழாம் நாள் டீச்சர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார். நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் காற்றை விடச் சொன்னார். அஞ்சப்பன் படியிறங்கும்போதும், தெருவில் செருப்பைத் தேடி மாட்டும்போதும் அதைச் சொல்லிக்கொண்டே போனார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. "உடம்பு எதுவும் சரியில்லையா?" என்று அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் துறைமுக வாசலில் மருமகன் கேப்டனை அழைத்துக்கொண்டு வந்தார். அஞ்சப்பன் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார் கேப்டன். தாடி முழுக்க நரைத்திருந்தது. கையைக் குலுக்கிவிட்டு மரியாதையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அஞ்சப்பனை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. பாவம், கடலில் அவர் எத்தனை முகம் பார்த்திருப்பார்.

அஞ்சப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யூ கேவ் மீ வாட்டர்."

கேப்டன் தலையசைத்தார்.

"யூ ஹெல்ட் த கப்."

கேப்டன் அவரை உற்றுப் பார்த்தார்.

அஞ்சப்பன் சாக்ஸைச் சொன்னார். அதில் இருந்த ஓட்டையைச் சொன்னார். கேப்டன் குனிந்து தன் காலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. அஞ்சப்பனின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஏதோ கேட்டார். அவருக்கும் இங்கிலீஷ் பிறந்த வீட்டு மொழி இல்லை. தேடித் தேடித்தான் பேசினார்.

மருமகன் தயங்கிச் சொன்னார்: "மாமா, 'நீங்க ஏன் திரும்பிப் பாக்கவே இல்ல'ன்னு கேக்குறாரு. அன்னைக்கு உங்களுக்குக் குடுத்த சூப்புல இறைச்சி கிடந்துச்சாம். உங்க சாமிக்கு ஆகாதத ஏதும் குடுத்துட்டமோ, அந்தக் கோவத்துலதான் போயிட்டாரோன்னு இத்தன வருசமா மனசு உறுத்துதாம்."

அஞ்சப்பன் ஆடிப் போய்விட்டார். "நோ, நோ" என்றார். படித்த வாக்கியம் எதுவும் இதற்கு உதவவில்லை. அப்பாவையும் மணலையும் எந்த இங்கிலீஷில் சொல்வது? மருமகன் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தார். அஞ்சப்பன் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

பிறகு அவர் கேப்டனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குக் காவல் படகில் உட்கார்ந்திருந்த மாதிரியே குனிந்துகொண்டு, வாசலிலிருந்து சாலையைப் பார்த்து நடந்தார். கேப்டன் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாலை ஓரத்தில் கடல் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் இருந்தது. அஞ்சப்பன் அங்கே நின்றார். செருப்பைக் கழற்றினார். வலது காலை மணலில் வைத்தார், அப்புறம் இடது காலை வைத்தார். விரல்கள் புதையும்படி அழுத்தி மிதித்தார்.

அப்புறம் திரும்பிப் பார்த்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

கேப்டன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு அவரும் கையைத் தூக்கினார். நடுவே லாரிகள் போயின, வந்தன. இரண்டு பேரும் கையை இறக்கவில்லை. காவலாளி நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கேப்டனை உள்ளே கூட்டிப்போகும் வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே போகும்போது கேப்டன் மூன்று முறை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை அஞ்சப்பன் செங்குத்துப் படியேறி வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் டீச்சரிடம் சொன்னார். கேட்டு முடித்தபோது டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல, ஏண்ணே முகம் வாடியிருக்கு?"

அஞ்சப்பன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"எல்லாம் சொன்னேன் டீச்சர். அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்ல மறந்துட்டேன். நாக்கப் பல்லுல வெச்சு எவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்குடுத்தீங்க. கப்பலும் போயிடுச்சு. இனிமே அவர எங்க பாத்து நான் தேங்க் யூ சொல்றது?"

மேசைமேல் கிடந்த அகராதியைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டு, டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"மூணு வருசமா தெனமும் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தீங்கண்ணே. நேத்துதான் அவருக்குக் கேட்டுச்சு."