முதல் மூடி டானிக்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த மருந்து கம்பெனியில் வேலை பார்த்த தோழி சொல்லித்தான் தெரியும்.

பேக்கிங் பிரிவின் ஒப்பந்தத் தொழிலாளி அஞ்சலையை எம்.டி. கோதண்டராமன் கூப்பிட்டார்.

"சமூகப் பொறுப்புன்னு செலவு காட்டினாத்தான் நம்ம பங்கு விலை ஏறும். கிடங்குல கிடக்கிற நாலாயிரம் பாட்டில் சத்து டானிக்கை நாளைக்கு உன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். ஒண்ணு மிஞ்சினாலும் உனக்கு வேலை இல்லை."

குழந்தை ஒரு பாட்டிலைக் குடித்து முடிக்க ஒரு மாதம் ஆகும். காலாவதிக்கோ ஐந்தே நாள். லேபிள் ஒட்டியவளே அஞ்சலைதான்.

மறுநாள் ஊரும் பத்திரிகைக்காரர்களும் கூடியிருக்க, அஞ்சலை ஒரு பாட்டிலைத் திறந்து எம்.டி.யிடம் நீட்டினாள்.

"எங்க ஊர் வழக்கம் சார். தானம் கொடுக்கிறவங்க முதல்ல ஒரு மூடி குடிக்கணும். அப்பத்தான் சனம் கை நீட்டும்."

சிரித்தபடி வாங்கியவர் லேபிளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மேனேஜர் பக்கம் திரும்பி, "வேற பாட்டில் எடுய்யா" என்றார்.

"வேற எதுக்கு சார்? நாலாயிரத்துலயும் ஒரே தேதிதானே!" என்றாள் அஞ்சலை.

பத்திரிகைக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டிலை எடுத்துத் தேதியைப் படித்தார்கள். பெட்டிகள் வந்த லாரியிலேயே திரும்பின. மறுவாரம் புது டானிக் வந்தது. பேப்பரில் படம் வந்தவளை வேலையிலிருந்து நிறுத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பிறகு நான் அந்த ஊருக்கே போய் விசாரித்தேன். அப்படி ஒரு வழக்கம் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.