மேலக்கிருபாபுரம் சபைக்கு வெப்சைட் வந்த கதை

ஆண்டவர் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு, மேலக்கிருபாபுரம் சபைக் கமிட்டி கூட்டம் நடத்திக்கொண்டிருந்ததாம். தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் பாத்திரம் காலி. அதற்காக அவர்கள் வருத்தப்படவில்லை. பாத்திரத்துக்கு நன்றி தெரிவித்து இன்னொரு தீர்மானம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அப்பேர்ப்பட்ட சபைக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர்கூட வராத கோயில்களை மூடி, பக்கத்துச் சபையோடு சேர்க்கப்போகிறார்களாம். ஈஸ்டர் முடிந்த இரண்டாம் ஞாயிறு ஆள் வந்து தலை எண்ணுவாராம். மேலக்கிருபாபுரத்தில் மொத்தமே பத்தொன்பது தலைகள்தான். அவற்றின் உள்ளே என்ன இருந்தது என்று எண்ணுவதற்கு நல்லவேளை யாரையும் அனுப்பவில்லை.

பக்கத்துச் சபை என்றால் கீழக்கிருபாபுரம். இரண்டு ஊருக்கும் முப்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பெண்கள் ஐக்கியத் தலைவி தங்கபுஷ்பம் கடிதத்தைக் கேட்டதும் அழுதேவிட்டார். அவருக்குத் தாலி ஏறியது மேலக்கிருபாபுரம் கோயிலில். கணவரைக் கடைசியாக வழியனுப்பியதும் அங்கிருந்துதான்.

இத்தனைக்கும் பைபாஸ் ஓரத்தில் புதிதாக வந்த வீடுகளில் கோயில் தேடும் குடும்பங்கள் நிறையவே இருந்தன. இப்படி ஒரு கோயில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனவே பாளையங்கோட்டையில் வெப்சைட் செய்து கொடுக்கும் மெர்லின் என்ற பெண்ணை வரவழைத்தார்கள். பாவம், அவளும் வந்தாள்.

"அண்ணாச்சி, புதுசா வாரவங்களுக்கு மூணே விஷயம்தான் வேணும். எத்தனை மணிக்கு ஆராதனை, எப்படி வரணும், எந்த நம்பருக்கு போன் போடணும். முதல் பக்கத்துல அது மட்டும் இருக்கட்டும்" என்றாள் மெர்லின்.

செயலர் ஞானாபரணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், கோயில் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிவதும் இவர்தான்.

"உபயம் எங்கம்மா?"

"எதுக்கு அண்ணாச்சி உபயம்?"

"எங்க கோயில்ல உபயம்னு பேர் எழுதாம ஒரு வெளக்குமாறுகூட கெடையாது. இதுல மட்டும் எப்படி மொட்டையா போடுவ?"

மெர்லின் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். நடக்கவில்லை. கடைசியில் முதல் பக்கம் இப்படி வந்தது. 'ஆராதனை நேரம்: ஞாயிறு காலை 8.30. உபயம்: பொருளாளர் பாக்கியசிங் குடும்பத்தார். பைபாஸ் பாலம் தாண்டி வலப்பக்கம் திரும்பவும். உபயம்: காலஞ்சென்ற யோசுவா வாத்தியார் நினைவாக.' தொலைபேசி எண்ணுக்கு மூன்று பேர் போட்டி போட்டதால், யார் மனமும் நோகாதபடி கோயிலுக்குள் இருக்கும் போன் நம்பரைப் போட்டார்கள்.

அடுத்து போட்டோ. "வெறுங்கட்டடத்தைப் போடாதீங்க. ஜனங்க இருக்கணும். ஆனா யாரும் கேமராவைப் பார்க்க வேண்டாம், இயல்பா ஆராதனைல இருக்கிற மாதிரி இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் படம் வந்து சேர்ந்தது. பதினெட்டு பேர் பீடத்தைப் பார்த்து நிற்கிறார்கள், பின்னாலிருந்து எடுத்த படம். வரிசையாக எண்ணெய் வைத்த பதினெட்டு பின்மண்டைகள். படம் எடுத்த பாக்கியசிங்கின் மனம் கோணக்கூடாது என்று ஒரு காலி நாற்காலியில் அவர் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள்.

மெர்லினுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ஐயா, நீங்க எல்லாரும் ஒருதடவை இந்த ஊருக்கே புதுசா வந்த ஆள் மாதிரி நெனச்சுப் பாருங்க. அப்பத்தான் வாரவங்க கஷ்டம் புரியும்" என்றாள்.

புரிந்துகொள்ளக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் காலை பத்தொன்பது பேரும் பெட்டி படுக்கையோடு பைபாஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்கள்.

"ஐயா, இங்க மேலக்கிருபாபுரம் கோயில் எங்க இருக்கு?" என்று பாக்கியசிங் கேட்டார்.

"தெரியலையே. நானும் ஊருக்குப் புதுசு" என்றார் ஞானாபரணம்.

"யம்மா, ஒங்களுக்காவது தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நானும் இப்பத்தான் வந்து எறங்குதேன்" என்றார் தங்கபுஷ்பம்.

வெயில் ஏறும்வரை ஒருவரை ஒருவர் விசாரித்துவிட்டு, வழி தெரியாத ஊரில் அலைய வேண்டாம் என்று அங்கேயே கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். வெளியூர்க்காரர்களின் கஷ்டம் நன்றாகவே புரிந்தது என்று குறிப்பேட்டில் பதிவானது.

மெர்லின் விட்டால் போதும் என்று வெப்சைட்டைத் திறந்துவைத்தாள். போகும்போது ஒன்றே ஒன்றைச் சொன்னாள். "இதுல யாராவது செய்தி அனுப்பினா அஞ்சு நிமிஷத்துல பதில் போயிரணும். இல்லேன்னா, இங்க ஆளே இல்லபோலன்னு நெனச்சு வேற கோயிலுக்குப் போயிருவாங்க."

அவள் சொல்லியிருக்கவே கூடாது.

தலை எண்ணும் ஞாயிறு வந்தது. பத்தொன்பது பேரும் வெள்ளையும் சொள்ளையுமாக உடுத்திக்கொண்டு, பாக்கியசிங் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கோயில் பூட்டிக் கிடந்தது. சாவி ஞானாபரணத்தின் இடுப்பில் இருந்தது.

எட்டரை மணிக்கு ஒரு செய்தி வந்தது. 'வெப்சைட் பார்த்து ஆராதனைக்கு வந்திருக்கிறோம். கோயில் பூட்டியிருக்கிறது. போன் அடித்தால் உள்ளேயே மணி கேட்கிறது. வாசலில் முப்பத்திரண்டு பேர் நிற்கிறோம்.'

"முப்பத்திரண்டு!" என்று தங்கபுஷ்பம் மார்பில் கை வைத்தார். "கோயில் பொழைச்சிட்டு அண்ணாச்சி! யாராவது ஓடிப்போய்த் தொறங்க."

"ஓடிப்போனா இங்க பதில் யாரு சொல்லுவா? அஞ்சு நிமிஷம் தாண்டுனா அவங்க வேற கோயிலுக்குல்லா போயிருவாங்க" என்றார் ஞானாபரணம்.

பாக்கியசிங்குக்கும் அது நியாயமாகப் பட்டது. விவாதித்து, ஓட்டெடுத்து, நாலாவது நிமிஷத்தில் பதில் அனுப்பினார்கள். 'தங்கள் வருகைக்கு ஸ்தோத்திரம். ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஆராதனை. தவறாமல் வாருங்கள்.'

'அதற்குத்தான் வந்து நிற்கிறோம்' என்றது அடுத்த செய்தி. 'மிக்க மகிழ்ச்சி' என்று இவர்கள் மூன்றே நிமிஷத்தில் பதில் போட்டார்கள். வேகம் கூடிவிட்டதே என்று கைதட்டிக்கொண்டார்கள்.

பிறகு இன்னொரு செய்தி. 'நான் தலை எண்ண வந்தவன். சபையார் எங்கே?' அதற்கும் உடனே பதில் போனது. 'ஐயா, நாங்கள் பத்தொன்பது பேரும் ஒருவர் குறையாமல் வந்திருக்கிறோம்.'

வெயில் தாங்காமல், தலை எண்ண வந்தவரே அந்த முப்பத்திரண்டு பேரையும் கீழக்கிருபாபுரத்துக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே கோயில் திறந்திருந்தது. அந்த வாரமே ஆணை வந்தது. மேலக்கிருபாபுரம் கோயிலுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியையும் மேலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலு தலைமுறை கட்டிக் காத்த கோயிலை நாலு நிமிஷப் பதிலில் தொலைத்தார்கள். சொன்னால் வயிறு எரிகிறது.

அடுத்த ஞாயிறு பத்தொன்பது பேரும் பழக்கதோஷத்தில் அந்த வாசலுக்கே போனார்கள். பூட்டைப் பார்த்ததும் தங்கபுஷ்பத்துக்குக் கண் கலங்கியது. என்ன செய்வதென்று யோசித்த ஞானாபரணம் செல்போனை எடுத்து, தங்கள் வெப்சைட்டுக்கே ஒரு செய்தி அனுப்பினார். 'ஆராதனைக்கு வந்திருக்கிறோம். கோயில் பூட்டியிருக்கிறது.'

எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. பதில் வரவில்லை.

ஞானாபரணத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "கேட்டா ஒரு வார்த்தை பதில் சொல்ல ஆளில்ல. இதெல்லாம் ஒரு சபையாவே? மேலிடத்துல இதை மூடுனதுதான் சரி!"

பத்தொன்பது பேரும் கையைத் தூக்கினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.