சேமிக்கவா, வேண்டாமா?

பொருநை என்றொரு கணினி இயங்குதளம் இருந்தது. பல ஊர்களில் நூலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வக்கீல் அலுவலகங்களிலும் மேசைக் கணினிகள் அதில்தான் ஓடின. அதன் திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் தெய்வானை. வயது முப்பத்து நான்கு.

அவரிடம் வேலை கற்க வந்தவர் இன்னாசி. வயது ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருடம் ஒரு நாளிதழில் பக்கம் வடிவமைத்தவர். பத்திரிகை நின்றுபோனதும், பாளையங்கோட்டையில் இருந்த பொருநை அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"எனக்கு இந்த வேலையைக் கத்துக்குடுங்க, டீச்சர்" என்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார் தெய்வானை.

அன்று முதல் ஒருவர் ஆசிரியை, ஒருவர் சீடர்.

இரண்டாம் வருடம், அடுத்த புதுப்பிப்பில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று பயன்படுத்துகிறவர்களுக்குப் படிவம் அனுப்பிக் கேட்டார்கள். நாலாயிரத்துக்கும் மேல் கடிதங்கள் வந்தன. எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்று ஒருவர். பெரிதாக இருக்கிறது, சிறிதாக்குங்கள் என்று ஒருவர். திரையில் அந்த மலைப் படம் வேண்டாம், பார்த்தால் தூக்கம் வருகிறது என்று ஒரு தலைமையாசிரியர். இன்னாசி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாசித்தார்.

ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சொல்லின. அவற்றை மட்டும் அவர் தனியே கட்டி வைத்தார்.

ஒரு கோப்பை மூடும்போது பொருநை ஒரு கேள்வி கேட்கும். 'சேமிக்கவா, வேண்டாமா?' கீழே இரண்டு பொத்தான்கள். ஆறு வருடமாக 'சேமி' வலப்பக்கம் இருந்தது. போன புதுப்பிப்பில் அதை இடப்பக்கமும் 'வேண்டாம்' என்பதை வலப்பக்கமும் மாற்றினார்கள். மாற்றச் சொன்னது இன்னாசி. தெய்வானை விடுப்பில் இருந்த வாரம் அது.

எங்கள் பொத்தானைப் பழையபடி வையுங்கள். ஆயிரத்து எண்ணூறு பேரும் கேட்டது அதுதான்.

இன்னாசி ஆசிரியையிடம் போனார்.

"டீச்சர், பழைய இடத்துலயே வச்சிரட்டுமா?"

தெய்வானை அவர் கையில் இருந்த கடிதக் கட்டைப் பார்த்தார்.

"இதுல ரொம்பக் கோவமா எழுதினது யாரு?"

"ரஞ்சிதம்னு ஒருத்தங்க. கோர்ட்டு வாசல்ல மனு டைப் அடிக்கிறவங்க. பதினோரு கடிதம் போட்டிருக்காங்க."

"எந்த ஊரு?"

சொன்னார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

"நாளைக்குப் போவோம்" என்றார் தெய்வானை. "அங்க போயி எதையும் தொடக்கூடாது. எதையும் சொல்லிக்குடுக்கக்கூடாது. பாக்கணும்."

"எதைப் பாக்கணும், டீச்சர்?"

"தெரிஞ்சா நான் எதுக்கு வாரேன்?"

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. ரஞ்சிதத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பொருநை அலுவலகத்திலிருந்து வருகிறோம் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டார்.

"இருங்க. கையில வேலை இருக்கு."

இருந்தார்கள். வேகமான கை. ஒரு விபத்து வழக்கு, ஒரு வாடகை வழக்கு, ஒரு பெயர் மாற்ற வாக்குமூலம். எதிரே இருப்பவர் வாயால் சொல்லச் சொல்ல, அது கோர்ட்டுத் தமிழாக மாறித் திரையில் விழுந்தது. எங்கும் தடங்கல் இல்லை.

கோப்பை மூடும்போது மட்டும் அந்தக் கை நின்றது.

ரஞ்சிதம் மவுஸை விட்டுவிட்டு எழுந்து, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். விரலைப் பொத்தான்மேல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டு வாசித்தார்.

"சே, மி."

உட்கார்ந்தார். அமுக்கினார்.

மதியத்துக்குள் ஒன்பது முறை அப்படி எழுந்தார். இன்னாசி எண்ணினார். ஐந்தாவது முறை அவர் வாய் திறந்தது. தெய்வானை திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கலைந்தது. ரஞ்சிதம் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"கடிதம் போட்டா ஆளே வருவாங்கன்னு தெரியாது. இல்லன்னா முன்னாலேயே போட்டிருப்பேன்" என்றார். பிறகு, அவராகவே சொன்னார்.

"அன்னைக்கு ஒரு அம்மா வந்தா. பிள்ளைய அவ புருஷன் வீட்டுல விடணும்னு தீர்ப்பு ஆகியிருந்துச்சு. மேல்முறையீட்டுக்கு அதுதான் கடைசி நாள். வக்கீல் சொல்லச் சொல்ல நாலு மணி நேரம் அடிச்சேன். கையி பாட்டுக்கு வலது பக்கம் போயி அமுக்கிருச்சு. அடிச்சது பூராவும் போச்சு. காலையிலதான் அது தானா மாறியிருக்கு. எனக்கு எப்படித் தெரியும்?"

ரஞ்சிதம் ஒரு வாய் சோறு எடுத்தார்.

"முதல்ல இருந்து அடிச்சேன். முடிக்கும்போது கோர்ட்டு ஆபீஸ் பூட்டிட்டாங்க. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு வேற மனு போட்டோம். அதை எடுத்துக்கிட மூணு மாசம். மூணு மாசம் அவ பிள்ளையப் பாக்கல."

"இப்ப?" என்று கேட்டார் தெய்வானை.

"இப்ப வாராவாரம் பாக்கா. கேஸு நடக்கு."

இன்னாசி ஸ்டூலிலிருந்து எழுந்தார். தொடாதே, சொல்லிக்கொடுக்காதே என்றுதான் ஆசிரியை சொல்லியிருந்தார். வேறெதையும் தடுக்கவில்லை.

"அம்மா, அதை மாத்துனது நான்தான்."

ரஞ்சிதம் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ஏன் மாத்துனீங்க?"

வழியெல்லாம் இன்னாசி யோசித்து வைத்திருந்த காரணங்கள் ஒன்றுகூட அந்த அறைக்குள் நிற்கவில்லை.

"பாக்க நல்லா இருந்துச்சு" என்றார்.

வெளியே யாரோ ஒரு வழக்கின் பெயரைக் கூவினார்கள். ரஞ்சிதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று இன்னாசி நின்றார். அவர் திட்டவில்லை. மூடியை எடுத்து டிபன் பாக்ஸை மூடினார்.

"ஊருக்குப் போன உடனே பழையபடி மாத்தி அனுப்பிருதேன்ம்மா" என்றார் இன்னாசி.

"ஐயோ, வேண்டாம் சார்!"

பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார் ரஞ்சிதம்.

"நீங்கதானே பதினோரு கடிதம்..."

"அது அப்ப. இப்பத்தான் கை கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் போகப் பழகுது. மறுபடி மாத்துனா மறுபடி ஒருத்தி பிள்ளையப் பாக்காம இருக்கணுமா?"

இன்னாசி ஆசிரியையைப் பார்த்தார். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் என்னதான் செய்யட்டும், அம்மா?"

ரஞ்சிதம் யோசித்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அது ஏன் என்னைக் கேக்குது?"

"எது?"

"சேமிக்கவா வேண்டாமான்னு."

"நீங்க எழுதினது உங்களுக்கு வேணுமா, வேண்டாமான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது இல்லையா..."

"நாலு மணி நேரம் உக்காந்து அடிச்சிருக்கேன். வேணுமா வேண்டாமான்னு அதுக்குச் சந்தேகமா?"

இன்னாசி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வேண்டாம்னா நான் அழிச்சுக்கிட மாட்டேனா?" என்றார் ரஞ்சிதம். கை கழுவ எழுந்து போனார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. சேரன்மகாதேவி தாண்டியதும் இன்னாசி ஆசிரியை பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நாலாயிரம் கடிதம் வாசிச்சேன். வலது பக்கம் வை, இடது பக்கம் வை, பச்சை நிறம் குடு, சிவப்பு நிறம் குடு. அந்தக் கேள்வியே எதுக்குன்னு ஒருத்தர்கூட எழுதலையே?"

"பொத்தானைப் பத்தி நாம என்ன கேட்டு அனுப்பினோம்?"

படிவத்தை எழுதியதும் இன்னாசிதான். மனப்பாடமாகச் சொன்னார்.

"'எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என விரும்புகிறீர்கள்?'"

தெய்வானை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கேள்வியையே எடுத்துவிட இன்னாசி ஏழு வாரம் வேலை பார்த்தார். எழுத எழுதத் தானே சேமிப்பாகிவிட வேண்டும். மூடினால் மூட வேண்டும், அவ்வளவுதான். நேற்று எப்படி இருந்தது, முந்தாநாள் எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்கவும் வழி வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் சண்டை போட்டார்கள். வேண்டாத கோப்புகள் குவியும் என்றார்கள். குவியட்டும் என்றார். எல்லாக் கணினியும் கேட்கிற கேள்விதானே என்றார்கள். ரஞ்சிதம் எழுந்து நின்று விரல் வைத்து வாசித்ததை அவர் நடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் சண்டை போடவில்லை.

புதுப்பிப்பு போன அன்று அறிவிப்பை எழுதி எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் வந்தார். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்.

தெய்வானை வாசித்தார். பென்சில் எடுத்து அடித்துக்கொண்டே வந்தார். ஒரு வரி மிஞ்சியது.

'நீங்கள் எழுதுவது இனித் தானாகவே சேமிக்கப்படும்.'

"இவ்வளவுதானா, டீச்சர்?"

"இதுக்கு மேல அவங்களுக்கு என்ன தெரியணும்?"

புதுப்பிப்பு போனது. கடிதங்கள் வந்தன. அச்சுப்பொறி பற்றி வந்தன. மலைப் படத்தை எடுத்ததற்கு நன்றி என்று தலைமையாசிரியர் எழுதினார். அந்த மலை எங்கே போச்சு என்று இன்னும் முப்பது பேர் எழுதினார்கள். எங்கள் இரண்டு பொத்தான் எங்கே என்று கேட்டுக்கூட நாலு கடிதம் வந்தது. இன்னாசி ஒவ்வொரு நாளும் காலையில் முதல் வேலையாக ஒரு பெயரைத் தேடினார். ஒரு வாரம் தேடினார். ஒரு மாதம் தேடினார்.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஆசிரியையிடம் போனார்.

"பதினோரு கடிதம் போட்டவங்க, டீச்சர். இப்ப ஒரு வரிகூடப் போடலையே. நம்ம செஞ்சது அவங்களுக்குத் தெரிஞ்சுதா, பிடிச்சுதா, ஒண்ணும் புரியல. ஒரு போன் போட்டுக் கேக்கட்டுமா?"

தெய்வானை சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "மனு அடிச்சிட்டு இருப்பாங்க."