பழசை அசைபோட்ட குதிரை

காட்டோரக் குளம் ஒன்றின் கரையில் செவலை என்ற கிழட்டுக் குதிரையும் காரி என்ற எருமையும் சேர்ந்து வாழ்ந்துவந்தன. செவலை ஒரு காலத்தில் நகரத்தில் ஜட்கா வண்டி இழுத்த குதிரை. ஆட்டோக்கள் பெருகியதும் வண்டி ஓடுவது நின்றுபோனது. அதன்பிறகு அது காட்டோரத்துக்கு வந்து சேர்ந்தது.

காரி கிடைத்த புல்லைத் தின்றுவிட்டு நிழலில் படுத்துவிடும். செவலைக்குப் புல் என்றாலே இளக்காரம். பக்கத்துக் களத்தில் அறுவடை முடிந்து கொள்ளு சிந்திக் கிடந்தது. அதைத் தேடிப் போய்த் தின்றுவிட்டு வரும்.

"நான் ரயில் ஸ்டேஷன் வாசலில் நின்ற குதிரை. கொள்ளு தின்னு வளர்ந்த உடம்பு இது. புல்லுக்கு வாய் வைக்குமா?" என்று கேட்கும்.

பிறகு பழங்கதை தொடங்கிவிடும். காலை ரயிலுக்கு ஓடிய ஓட்டம், கழுத்தில் கட்டிய வெண்கல மணி, பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாடிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். சொல்லச் சொல்ல அதன் கண் கலங்கும். ஆயிரம் தடவை கேட்ட காரிக்கே மனசு இளகிவிடும் என்றால் பாருங்களேன்.

ஒரு மணிப்புறாவும் செவலையை விட்டு நகராமல் பின்னாலேயே திரிந்தது. பாசம் என்று செவலை நினைத்துக்கொண்டது.

கோடை வந்தது. குளம் சுருங்கியது.

"இன்னும் ஒரு மாசத்துல தண்ணி வத்திடும்," என்றது காரி. "மலை ஏறி அந்தப் பக்கத்து ஆத்துக்குப் போகணும். உன் விலா எலும்பை எண்ணிடலாம் போல இருக்கு. ஏறிடுவியா?"

"ஏறாம என்ன?"

"ஏற முடியலேன்னா இங்கேயே தாகத்துல சாகணும். விளையாட்டு இல்லை."

செவலைக்கும் உள்ளுக்குள் பயம்தான். மறுநாளிலிருந்து இரண்டு மடங்கு கொள்ளு தின்றது. உடம்பு தேறவில்லை, இன்னும் இளைத்தது. நாலாம் நாள் வயிறு உப்பி, வலி தாங்காமல் தரையில் புரண்டது.

அதைப் பார்த்த புறாவுக்கு மனசாட்சி குத்தியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, உன்கிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். நீ திங்கிற கொள்ளு பாதிக்கு மேல முழுசு முழுசா உன் லத்தியில வந்துடுது. அதைப் பொறுக்கித் தின்னுதான் என் குஞ்சுகளை வளர்த்தேன். சொன்னா நீ நிறுத்திடுவியோன்னு பேசாம இருந்துட்டேன்."

செவலைக்குக் கோபம் வந்தது. "பொய் சொல்றே. அன்னைக்கும் இதே கொள்ளுதானே? அன்னைக்கு மட்டும் எப்படிப் பலம் வந்தது?"

"அன்னைக்கு உன் பல்லு தேயாம இருந்தது," என்றது காரி. "நான் முழுங்கினதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மென்னுக்குவேன். உனக்கு ஒருதரம் முழுங்கினா முழுங்கினதுதான். பழசை நல்லா அசைபோடத் தெரியுது உனக்கு. தீனியை அசைபோட வழியில்லையே."

செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

புறா மெதுவாகக் கேட்டது. "நகரத்துல உனக்குக் கொள்ளை எப்படிண்ணே கொடுப்பாங்க? தரையில கொட்டியா?"

"தரையிலயா? வாளியில கொடுப்பார்," என்று வெடுக்கென்று சொன்ன செவலை, சற்று நிறுத்தியது. பிறகு அதன் குரல் மாறிவிட்டது.

"எங்க வண்டிக்கார காசிம் பாய் முந்தின நாளே ஊறப்போட்டுடுவார். காலையில அது உப்பியிருக்கும். அப்புறம் வேகவெச்சு, சூடு ஆறினதும் கையால பிசைவார். ஒரு மணியை எடுத்து விரலால நசுக்கிப் பார்ப்பார். நசுங்கலேன்னா திரும்பவும் அடுப்புல ஏத்திடுவார். அது வேகிற வரைக்கும் நான் பசியில இருக்கக் கூடாதுன்னு முதல்ல புல்லுக்கட்டைப் பிரிச்சுப் போடுவார். ஆமா, புல்லு! நான் புல்லும்தான் தின்னேன்."

செவலை தலையைத் தாழ்த்தியது.

"மணிச் சத்தம்கூட ஞாபகம் இருந்தது. அந்த மனுஷன் கை எனக்கு ஞாபகம் வரலையே."

செவலை வெகுநேரம் அழுதது.

இரண்டு நாள் தண்ணீரும் பசும்புல்லுமாக இருந்ததில் வயிறு அடங்கியது. அதன்பிறகு செவலை களத்துக் கொள்ளை வாயில் அள்ளிவந்து, குளத்தோரம் தண்ணீர் நின்ற பாறைக்குழி ஒன்றில் போட்டது. அடுப்புக்கும் பானைக்கும் காட்டில் எங்கே போவது? நன்றாக ஊறினாலே போதும் என்று இருந்தது. மறுநாள் முதலில் புல் மேய்ந்துவிட்டு, ஊறி மெத்தென்று ஆன கொள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக மென்று தின்றது. குழிக்குப் புறாதான் காவல். ஆசை இருந்தும் அது ஒரு மணியைக்கூடத் தொடவில்லை.

மாதம் முடிவதற்குள் குளம் வெறும் சேறானது. ஒரு விடியற்காலையில் காரி முன்னே நடக்க, செவலை பின்னே ஏறியது. நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது. ஒரு இடத்தில் கால் மடங்கி, சமாளித்து எழுந்தது. வெயில் ஏறுவதற்குள் மலை உச்சியைத் தாண்டிவிட்டது. கீழே ஆறு தெரிந்தது.

இறங்கும் வழியில் செவலை லத்தி போட்டது. பழக்கதோஷத்தில் புறா பறந்துவந்து கிளறிப் பார்த்தது. இப்படியும் அப்படியும் கிளறியது.

"ஒரு மணிகூட இல்லையேண்ணே. இன்னைக்கு நான் பட்டினிதான்," என்று சொல்லிச் சிரித்தது.

தின்றதெல்லாம் பலமாகாது, செரித்ததே பலமாகும். ஆகவே பழைய நாளுக்கு ஏங்குகிறவர்கள் அதன் ருசியோடு நிற்காமல், அதைப் பக்குவம் செய்து ஊட்டிய கையையும் நினைக்க வேண்டும்.