பெரியப்பாவோடு பேசிய கார்

உங்களைச் சிரிக்க வைக்கிறேன். ஆனால் உடனே இல்லை. முதலில் என் பெரியப்பாவைக் காரில் ஏற்ற வேண்டும்.

பெரியப்பா தெய்வசிகாமணிதான் சீடர். குரு, அவர் வயதில் பாதிகூட ஆகாத நஸ்ரீன் அக்கா. ஈரோட்டில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறார். கடைசிப் பாடத்துக்கு மறுநாள் பெரியப்பாவின் மகள், பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். பேத்தியைத் தானே ஓட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும் என்று பெரியப்பாவுக்கு ஆசை. நஸ்ரீன் சரி என்றால்தான் சாவி என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.

அன்று கடைசிப் பாடம். பின்சீட்டில் நான். ஒருமுறை பெரியப்பா குரலில் பேசிப் பால்காரரை விரட்டியவள் என்பதால், வாயைத் திறந்தால் இறக்கிவிடுவதாக அவர் மிரட்டியிருந்தார்.

முன்னால் மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி நின்றது. பெரியப்பா பிரேக்கைத் தொடவே இல்லை. புது வண்டி கீச்சென்று கத்திவிட்டுத் தானே நின்றது. அக்காவின் முகம் வெளுத்தது. பெரியப்பாவின் முகம் மலர்ந்தது.

சிக்னலில் இன்ஜினும் தானே அணைந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானே உறுமியது.

"ஏம்மா, எல்லாத்தையும் வண்டியே பண்ணிருது. எனக்கு என்னதான் மிச்சம்?"

செல்போனில் வழி சொல்லிக்கொண்டிருந்த பெண்குரலை அக்கா அணைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார்.

எனக்கு அது போதாதா? ஆனால் நீங்கள் இன்னும் சிரிக்கக் கூடாது.

அந்தச் செல்போன் பெண்ணின் வறண்ட குரலில், வலப்புறம் திரும்பவும் என்றேன். பெரியப்பா திருப்பினார். மறுபடி வலப்புறம், மறுபடி வலப்புறம். ஒரே பிள்ளையார் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தோம். இந்தப் பக்கம் வீதிக்கு வீதி பிள்ளையார் கோயில் கட்டிவைத்திருக்கிறார்களே என்று பெரியப்பா வியந்தார்.

அடுத்த சிக்னலில் இன்ஜின் அணைந்தது. சற்று இளைப்பாறுகிறேன் என்றேன். நல்லா இளைப்பாறு சாமி என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார். தங்கள் தொப்பை ஹாரனில் இடிக்கிறது, உள்ளே இழுக்கவும் என்றேன். இழுத்துக்கொண்டார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

"பின்சீட்டில் நல்ல பெண் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரவும்."

பெரியப்பாவின் கால் பிரேக்கிலேயே இருந்தது. தலை மட்டும் மெதுவாக நிமிர்ந்தது. அன்றைக்கு முதல்முறையாக மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். அதில் நான், திறந்த வாயோடு.

"அடிக் கழுதை."

சிக்னலில் சிவப்பு இன்னும் மாறவில்லை.

"என்ன மிச்சம்னு கேட்டீங்கள்ல சார்," என்றார் நஸ்ரீன் அக்கா. "இப்பக் கண்ணாடியைப் பார்த்தீங்களே, அதுதான். வீடு வரைக்கும் பார்த்துட்டே போங்க. நாளைக்குப் பேத்தியைக் கூட்டிட்டு வரலாமான்னு அங்க சொல்றேன்."